இயந்திரக் கருவிகளின் உதிரிப்பாகங்களைக் குறைந்த செலவிற் பெறும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் செய்யும் கமக்காரர் கோடையில் மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை பயிருக்கு நீர் இறைத்தல் வேண்டும். வெங்காயம் ஆழமாக வேரூன்றும் பயிரன்று. கிணற்றடியிலுள்ள நீர்ப்பம்பி பழுதுற்று ஒரு வாரம் கழிந்துவிட்டால், பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் இழந்த விளைச்சல் முழுவதும் திரும்பி வராது. நெற்செய்கையிலும் நிலைமை இதுவே. காலபோகத்தின் முதல் மழை விழுந்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இரு சக்கர உழவு இயந்திரம் கொட்டிலிற் கிடக்குமாயின் விதைப்புப் பிந்தும், களை முந்தும்.

இயந்திரம் நின்றதற்குரிய காரணத்தை ஆராய்ந்து பார்த்தால், அது பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு உறுப்பாகவே இருக்கும். தேய்ந்த பெயாரிங், கிழிந்த ஒயில் சீல், அறுந்த பெல்ற், புகை படிந்த பிளக், எரிந்த கப்பாசிற்றர் ஆகியவற்றுள் ஒன்று போதும், முழு இயந்திரத்தையும் நிறுத்துவதற்கு. இவற்றை எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது, எதில் மலிவை நாடலாம், எதில் நாடலாகாது என்பவற்றை அறியாத கமக்காரர், ஒன்றில் தேவைக்கு மேல் விலை கொடுக்கின்றனர். அல்லது பொருந்தாத உறுப்பை வாங்கி இரண்டாம் முறையும் பயணம் செய்கின்றனர்.

இவ்வுறுப்புகளுள் மிகப் பெரும்பாலானவை பிறநாட்டிலிருந்து வருவன. ஆதலால் நாணய மதிப்பு வீழும்போது அவற்றின் விலை உடனே ஏறும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற இலங்கை நாணயம், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவையும் கடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அன்று முதல் புதிய பம்பி வாங்குவதிலும் பார்க்க, உள்ள பம்பியைப் பழுதுபார்த்து வைத்திருத்தலே பல குடும்பங்களுக்கு இயலக்கூடியதாயிற்று.

ஓர் உறுப்புக்கு இரண்டு பெயர்கள்

இயந்திர உறுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் இருக்கக்கூடும். ஒன்று, இயந்திரத்தைச் செய்த நிறுவனம் இட்ட இலக்கம். மற்றது, உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவின் பெயர். நிறுவனத்தின் இலக்கத்தைக் கூறிக் கேட்டால் அந்நிறுவனத்தின் முகவரிடமே செல்ல நேரிடும். அளவைக் கூறிக் கேட்டால் பத்துக் கடைகளிற் கேட்கலாம். பம்பியின் பெயர் பொறித்த பெட்டியில் வரும் பெயாரிங்கும், பெயாரிங் மட்டுமே விற்கும் கடையில் கிடைக்கும் பெயாரிங்கும் ஒரே ஆலையில் ஒரே அளவிற் செய்யப்பட்டனவாக இருத்தல் கூடும். வேறுபடுவது பெட்டியும் விலையுமே.

இயந்திரத்தின் பெயர் எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு லாண்ட்மாஸ்டர் என்னும் சொல் நல்ல சான்று. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரத்தை இங்கிலாந்தில் செய்து விற்ற நிறுவனத்தின் பெயர் அது. அவ்வியந்திரங்கள் வயல்களிலிருந்து மறைந்து நெடுங்காலமாகியும் பெயர் மறையவில்லை. ஜப்பானிய குபோட்டாவாயினும் சீனத்து இயந்திரமாயினும், இரு சக்கரமும் இரு கைப்பிடியும் உள்ளதெல்லாம் கிராமங்களில் லாண்ட்மாஸ்டரே. கொழும்புக் கடையிற் சென்று ‘லாண்ட்மாஸ்டருக்கு ஒரு பெல்ற்’ என்று கேட்பவருக்குக் கடைக்காரர் எதைத்தான் எடுத்துக் கொடுப்பார்?

பெயாரிங்கின் இலக்கத்தை வாசித்தல்

அளவின் பெயரை அறிந்துகொள்வதற்குப் பெயாரிங்கே சிறந்த பாடம். பழைய பெயாரிங்கின் ஓரத்தை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்தால் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். உதாரணமாக 6204 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலிலுள்ள 6 என்பது ஒரே வரிசைக் குண்டுகளைக் கொண்ட பெயாரிங் என்பதைக் குறிக்கும். அடுத்துள்ள 2 அதன் கனவரிசையைக் குறிக்கும். இறுதியிலுள்ள 04 என்பதை ஐந்தாற் பெருக்கினால் 20 வரும். அதுவே உள் துவாரத்தின் விட்டம், மில்லிமீற்றரில். எனவே 6205 எனின் உள் விட்டம் 25 மில்லிமீற்றர், 6206 எனின் 30. இக்கணக்கு 04 முதற்கொண்டே பொருந்தும். 00, 01, 02, 03 ஆகிய நான்கும் முறையே 10, 12, 15, 17 மில்லிமீற்றர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

உள் விட்டம் ஒன்றாயிருப்பினும் வெளி விட்டம் வேறுபடும். 6004 பெயாரிங் 20 மில்லிமீற்றர் தண்டுக்குப் பொருந்தும். அதன் வெளி விட்டம் 42, அகலம் 12. அதே தண்டுக்குப் பொருந்தும் 6204க்கு வெளி விட்டம் 47, அகலம் 14. 6304க்கு 52, 15. தண்டை மட்டும் அளந்துகொண்டு கடைக்குச் செல்பவர் இம்மூன்றுள் எது தமக்கு வேண்டியது என்று கூற இயலாது நிற்பர். இலக்கம் தேய்ந்துபோயிருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்னும் மூன்றையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து கொண்டு சென்றாற் போதும். பெயாரிங் கடைக்காரர் அம்மூன்று அளவுகளைக் கொண்டே இலக்கத்தைச் சொல்லிவிடுவார். கமம் செய்வோர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் இடுக்கிமானி வாங்கி வைத்திருத்தல் வீண்செலவன்று.

இலக்கத்தின் பின்னே வரும் எழுத்துக்களையும் விடாது குறித்துக்கொள்ளல் வேண்டும். இசட் இசட் எனின் இருபுறமும் தகட்டு மூடி உண்டு. 2 ஆர்.எஸ். எனின் இருபுறமும் றப்பர் மூடி உண்டு. சேறும் நீரும் படும் இடங்களுக்கு இதுவே உகந்தது. சி 3 என்பது உள்ளே சற்று அதிக இடைவெளி விடப்பட்டது என்பதைக் குறிக்கும். சூடேறும் மின்மோட்டருக்கு இது வேண்டப்படுவது. சி 3 உள்ள இடத்தில் அஃதில்லாத பெயாரிங்கை இட்டால், மோட்டர் சூடேறும்போது குண்டுகள் இறுகி, சில வாரங்களிலேயே இரைச்சல் தொடங்கிவிடும். பின்பு பெயாரிங் கெட்டது என்று விற்றவர்மேற் பழி சுமத்துதல் வழக்கம்.

பேர்பெற்ற ஜப்பானிய, சுவீடன் நாட்டு நிறுவனங்களின் பெயரிலே போலிகளும் விற்கப்படுகின்றன. பெட்டியின் அச்சு மங்கலாயிருத்தல், பொறித்த எழுத்துக்கள் ஒரே ஆழத்தில் இராமை, விலை மற்றக் கடைகளிற் கேட்டதிற் பாதிக்கும் குறைதல் ஆகியன ஐயத்துக்கு இடந்தருவன. போலிப் பெயருடன் வரும் பெயாரிங்கை வாங்குவதிலும், தன் சொந்தப் பெயரையே இட்டு வரும் மலிவான சீனப் பெயாரிங்கை வாங்குதல் நன்று. அதை விற்பவர் இன்னது விற்கிறார் என்பதையாவது மறைக்கவில்லை.

சீலும் பெல்ற்றும்

ஒயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது தண்டின் விட்டம், இரண்டாவது சீல் பொருந்தும் குழியின் விட்டம், மூன்றாவது அகலம். 20, 35, 7 என்றிருந்தால் அவ்வளவே கேட்கவேண்டியது. இயந்திரத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. சேற்றிலே உழும் இரு சக்கர உழவு இயந்திரத்தில் ஒயில் சீலைப்போல் மலிவானதும் அதைப்போல் பெருஞ்சேதம் விளைவிப்பதும் வேறில்லை. சீலின் உதடு கிழிந்தவுடன் சேற்றுநீர் பற்சக்கரப் பெட்டியினுட் புகும். எண்ணெய் பாலின் நிறமாக மாறும். அதைக் கண்டும் உழவை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தால், முதலிற் பெயாரிங் துருப்பிடிக்கும். அடுத்துப் பற்சக்கரங்கள் தேயும். பற்சக்கரம் வேறு எங்கும் கிடையாத உறுப்பு. அதற்கு நிறுவனம் சொல்லும் விலையே விலை. புதிய சீல் இட்டும் ஒழுகுமாயின், தண்டிலே பழைய உதடு அறுத்த வளையம் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தல் வேண்டும். இருந்தால் புதிய சீலை இரண்டு மில்லிமீற்றர் அளவு முன்னோ பின்னோ தள்ளி இருத்த, அது தேயாத இடத்திற் பதியும்.

பெல்ற்றின் எழுத்து அதன் பருமனையும் எண் அதன் நீளத்தையும் காட்டும். மேற்புற அகலம் ஏ வகைக்கு 13, பீ வகைக்கு 17, சீ வகைக்கு 22 மில்லிமீற்றர். பீ 54 எனின் உட்புறச் சுற்றளவு 54 அங்குலம். ஒரே கப்பியில் இரண்டு மூன்று பெல்ற்றுகள் ஓடும் இயந்திரங்களில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். புதியது ஒன்றும் நீண்டுபோன பழையவை இரண்டும் சேர்ந்தால் முழுப் பாரத்தையும் புதியதே சுமந்து அறும். ஏ வகைக் கப்பியில் பீ வகைப் பெல்ற்றைப் பொருத்தி ஓட்டுவோரும் உளர். அது பள்ளத்தில் இறங்காது மேலே மிதந்து வழுக்கும்.

மின்பம்பியில் நீர் மோட்டருட் புகாது தடுக்கும் மெக்கானிக்கல் சீலையும் தண்டின் விட்டத்தைக் கொண்டே கேட்கலாம். அதனுடன் சுருள்வில்லின் உயரத்தையும் அளந்து செல்லல் நலம். பம்பியின் அடியில் நீர்த்துளி காணப்பட்ட அன்றே இதனை மாற்றுபவருக்குச் செலவு அத்துடன் முடியும். துளியைப் பொருட்படுத்தாதவர் பெயாரிங்கையும், பின்னர் எரிந்த மோட்டரின் கம்பிச் சுற்றையும் மாற்ற நேரும்.

எஞ்சின் உறுப்புகள்

பெற்றோலில் ஓடும் சிறு பம்பி எஞ்சின்களுட் பெரும்பாலானவை ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 என்னும் எஞ்சினைப் பார்த்துச் சீனத்திற் செய்யப்பட்டவை. மூல எஞ்சினின் உருளை விட்டம் 68 மில்லிமீற்றர். சீன எஞ்சின்களில் 168 எஃப் என்று எழுதியிருக்கும். இதில் 1 என்பது ஓர் உருளை, 68 என்பது உருளையின் விட்டம், எஃப் என்பது காற்றாற் குளிர்வது. இதை அறிந்தவர் 170 எஃப், 178 எஃப், 186 எஃப் முதலியவற்றையும் தாமே வாசித்துக்கொள்வர். புல்வெட்டும் இயந்திரங்களிற் காணப்படும் 1 ஈ 40 எஃப் என்பதில் ஈ என்னும் எழுத்து இரட்டை அடி எஞ்சின் என்பதைக் காட்டும். அதன் உருளை 40 மில்லிமீற்றர்.

இதனாற் பயன் யாதெனில், பெயர் வெவ்வேறாயினும் ஒரே குறியுள்ள எஞ்சின்களின் பிஸ்ரன், ரிங், காபரேற்றர், இழுகயிறு, காற்று வடி முதலியன பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பெரும்பாலும் என்றதைக் கவனித்தல் வேண்டும். பிஸ்ரன் ஊசியின் விட்டம், காபரேற்றர் வாயின் அகலம், ஆணித் துவாரங்களின் இடைவெளி ஆகியவற்றைப் பழையதுடன் வைத்து ஒப்பிட்டுப் பாராமல் பணம் கொடுத்தலாகாது. உருளை தேய்ந்திருந்தால் ரிங் மட்டும் மாற்றுவதில் பயனில்லை. உருளையைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிதான பிஸ்ரன் இடல் வேண்டும். கடையுமுன் அந்தப் பிஸ்ரனைக் கையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். கடைந்தபின் தேடுதல் முறையன்று.

பிளக் வாங்கும்போது புரியின் நீளமே முதன்மையானது. 14 மில்லிமீற்றர் புரியுடைய பிளக்குகளில் 12.7 மில்லிமீற்றர் நீளமுடையவும் 19 மில்லிமீற்றர் நீளமுடையவும் உண்டு. குட்டையானதற்குரிய துவாரத்தில் நெட்டையானதைத் திருகினால் அது பிஸ்ரனிலே இடித்து எஞ்சினைக் கெடுத்துவிடும்.

ஆணியும் நட்டும் சிறியவை என்று எண்ணி அளவு பாராதிருத்தல் தவறு. லிஸ்ரர் போன்ற பழைய ஆங்கிலேய எஞ்சின்களில் அங்குலப் புரிகளும், ஜப்பானிய, சீன எஞ்சின்களில் மில்லிமீற்றர்ப் புரிகளும் உள்ளன. மில்லிமீற்றரிலும் 10 மில்லிமீற்றர் ஆணிக்குப் புரியிடைவெளி 1.5 உண்டு, 1.25 உண்டு. ஜப்பானிய இயந்திரங்களில் 1.25 மிகுதி. விரலால் மூன்று சுற்றுச் சுலபமாகச் சென்று பின் இறுகுமாயின் அது வேறு புரி. சாவியாற் பலவந்தமாகத் திருகினால் ஆணியின் விலை போகட்டும், அலுமினிய உடலின் புரியே அழிந்துவிடும்.

மின்கருவிகள்

துளையிடும் கருவி, கிரைண்டர் ஆகியவற்றில் முதலில் தேய்வது காபன் பிரஷ். கருவி விட்டுவிட்டு ஓடுதலும் உள்ளே பெரும் பொறி பறத்தலும் இதற்கு அறிகுறி. நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும், கம்பி பொருந்தும் தலையின் வடிவையும் பார்த்து இரண்டையும் சோடியாக மாற்றல் வேண்டும். சரியான அளவு கிடையாதபோது சற்றுப் பெரியதை வாங்கி மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். கூட்டினுள் அது தடையின்றி வழுக்க வேண்டும், ஆடவும் கூடாது. புதிய பிரஷ் இட்டும் ஆமேச்சரைச் சுற்றி நெருப்பு வளையம் தோன்றுமாயின் குற்றம் ஆமேச்சரில் உள்ளது. சிறு துளைக்கருவிக்கு ஆமேச்சர் சுற்றுவித்தல் பெரும்பாலும் இலாபமன்று. ஒரு குதிரைவலு நீர்ப்பம்பியின் மோட்டருக்கோ அது இலாபமே.

மின்பம்பி உறுமிக்கொண்டு சுழலாது நிற்குமாயின் கப்பாசிற்றரைச் சந்தேகித்தல் வேண்டும். அதன் உடலில் மைக்ரோபரட் அளவும் வோல்ற்று அளவும் எழுதப்பட்டிருக்கும். மைக்ரோபரட் மாறுதல் கூடாது. வோல்ற்று அளவு கூடியிருக்கலாம், குறைதல் கூடாது. தொடக்கத்துக்கு மட்டும் உதவும் கப்பாசிற்றர் ஒருவகை, இடையறாது ஓடுவதற்குரியது வேறொருவகை. முன்னதைப் பின்னதன் இடத்தில் இட்டால் அது வெடிக்கும். கழற்றுமுன் மின்னிணைப்பை முற்றாக எடுத்துவிட்டு, காவலுறையுள்ள திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்து எஞ்சிய மின்னைப் போக்குதல் வேண்டும்.

கொழும்பிற் பாவித்த ஜப்பானியக் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் உறுதியில் ஐயமில்லை. ஆயின் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. இலங்கையில் 230 வோல்ற்று. மின்மாற்றியின்றி இணைத்தால் கருவி கணப்பொழுதில் எரிந்துவிடும். தகட்டிலே 100 வி என்றிருத்தலைக் காணாது வாங்குபவர், விலை மலிந்ததன் காரணத்தை வீட்டுக்கு வந்தபின்பே அறிவர்.

கொழும்பிலே தேடும் இடங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ் வண்டிகளிற் பல விடியற்காலையில் வெள்ளவத்தையை அடைகின்றன. அங்குக் காலி வீதியில் உள்ள கடைகளிற் பொதுவான மின்பொருள்களும் இரும்புப் பொருள்களும் கிடைக்கும். விலை நகரின் உட்பகுதியிலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உதிரிப்பாகம் தேடுபவர் 100 அல்லது 101 இலக்க பஸ் வண்டியிலோ, கரையோரப் புகைவண்டியிலோ புறக்கோட்டைக்குச் செல்லல் வேண்டும். புறக்கோட்டையை அடுத்துள்ள பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் இரும்புப் பொருள், நீர்ப்பம்பி, குழாய், இயந்திர உறுப்பு முதலியன விற்கும் கடைகளுக்குப் பேர்போனவை. இக்கடைகளிற் பலவற்றில் தமிழிலே பேசி வாங்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் அடைக்கப்படும். ஞாயிறு, போயா தினங்களிற் பெரும்பாலானவை திறவா. தூரத்திலிருந்து வருபவர் நாளைப் பார்த்துப் புறப்படல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்குபவருக்கு இவ்விடங்கள் இன்னும் அண்மையிலுள்ளன. ஆமர் வீதிச் சந்தியைக் கடந்து மருதானைப் பக்கமாகச் சென்றால் பஞ்சிகாவத்தை வரும். வாகனங்களின் பாவித்த உறுப்புகளுக்கு இலங்கையில் இதனிலும் பெரிய சந்தை இல்லை எனலாம். நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் ஸ்டாட்டர், டைனமோ, நீர்ப்பெட்டி முதலிய பெரிய உறுப்புகளை இங்குத் தேடலாம். காணாமற்போன தன் வாகனத்தின் கண்ணாடியைப் பஞ்சிகாவத்தைக்குச் சென்று தானே விலைக்கு வாங்கியவர் கதை கொழும்பிலே நெடுங்காலமாக வழங்கும் வேடிக்கை. வேடிக்கை எவ்வாறாயினும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குதல் வேண்டும் என்பது மெய். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் விற்பவரின் கடமை.

பாவித்த உறுப்பு எல்லாம் ஒரு தன்மையன அல்ல. வார்ப்பு இரும்பு உடல், கப்பி, மூடி, தாங்கி போன்றவை வெடிப்பின்றி இருந்தால் பாவித்ததே போதும். பற்சக்கரத்தைப் பல் பல்லாகப் பார்த்து வாங்கலாம். சீல், பெல்ற், பிஸ்ரன் ரிங், றப்பர்க் குழாய் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்குதல் பணத்தை எறிதலேயாகும்.

கடைக்குச் செல்பவர் பழைய உறுப்பைக் கழுவி உடன் கொண்டு செல்லல் வேண்டும். உறுப்பு உடைந்து போயிருந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் கொண்டு செல்லல் வேண்டும். இயந்திரத்தின் தகட்டிலுள்ள எழுத்துக்கள் அனைத்தையும், இயலுமாயின் கைத்தொலைபேசியிற் படமாகவும், வைத்திருத்தல் நன்று. கடையில் முதலில் அளவைச் சொல்லிக் கேட்டல் வேண்டும். இயந்திரத்தின் பெயரைப் பின்னரும் சொல்லலாம். ‘எந்த நாட்டுச் சாமான், எத்தனை விதம் உண்டு’ என்று வினவினால், பெரும்பாலான வியாபாரிகள் இரண்டு மூன்று தரங்களை எடுத்து முன்னே வைப்பர். ‘ஒறிஜினல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அமைதியடைதல் கூடாது. எந்த நிறுவனத்தின் ஒறிஜினல் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டல் வேண்டும். அதற்கு உடன்படாதவர் கூறும் ஒறிஜினலுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

மலிவை நாடலாகாத இடங்கள்

கிரைண்டரின் தட்டு ஒவ்வொன்றிலும் அது தாங்கக்கூடிய மிகக் கூடிய சுழற்சி வேகம் அச்சிடப்பட்டிருக்கும். 100 மில்லிமீற்றர்த் தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15,000 சுற்றுக்களைத் தாங்கும். 180 மில்லிமீற்றர்த் தட்டு ஏறக்குறைய 8,500 சுற்றுக்களையே தாங்கும். சிறு கிரைண்டரோ 11,000 சுற்றுக்கள் சுழல்வது. பெரிய தட்டு மலிவாகக் கிடைத்தது என்று காவற்றகட்டைக் கழற்றிவிட்டு அதைச் சிறு கிரைண்டரிற் பூட்டினால், தட்டுச் சிதறும். சிதறும் துண்டு முகத்தையோ கழுத்தையோ தாக்கும். எழுத்து அழிந்த தட்டையும் ஈரத்திற் கிடந்த தட்டையும் விலையின்றிக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

புல்வெட்டும் இயந்திரத்தின் அலகும் அதை இறுக்கும் நட்டும் இவ்வகையினவே. அந்த நட்டின் புரி பெரும்பாலும் இடப்புரியாக இருக்கும். சாதாரண நட்டை அங்கே இட இயலாது, இட முயலவும் கூடாது. பழைய வாள் தகட்டை வெட்டிச் செய்த அலகுகள் சில இடங்களில் விற்கப்படுகின்றன. கல்லிற் பட்டு அவை முறிந்தால் அருகில் நிற்பவரின் கால் தப்புதல் அரிது. பெற்றோல் குழாய், பெல்ற்றை மறைக்கும் காவற்றகடு, மின்பம்பியின் நிலக்கம்பி, தானே மின்னைத் துண்டிக்கும் ஆளி ஆகியவற்றிலும் சிக்கனம் பார்த்தல் உயிருக்கு விலை பேசுவதாகும்.

முகவரிடமே வாங்கவேண்டியவை

பற்சக்கரம், ஆமேச்சர், எஞ்சினின் உடல், பிறர் செய்யாத மின்சுற்றுப் பலகை ஆகியவற்றுக்கு அளவின் பெயர் இல்லை. அவற்றுக்கு நிறுவனத்தின் முகவரையே நாட வேண்டும். ஆகவே புதிய இயந்திரம் வாங்கும் நாளிலேயே, இந்த உறுப்பு உங்களிடம் இப்பொழுது இருக்கிறதா என்று ஒரு பற்சக்கரத்தின் பெயரைச் சொல்லி விற்பவரைக் கேட்டல் வேண்டும். எடுத்துக் காட்ட இயலாதவரிடம் விலை குறைந்த இயந்திரம் வாங்குதல் பின்னர் விலை கூடியதாக முடியும். இத்தொல்லை சிறு கமக்காரருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பெருநிலக் கமக்காரரும் தம் உழவு இயந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமைக்காக நெடுங்காலம் போராடினர். கொலராடோ மாநிலம் 2023ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றியது. உறுப்புகளையும் திருத்தும் விபரங்களையும் உற்பத்தியாளர் கொடுத்தல் வேண்டும் என்னும் அச்சட்டம் 2024 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது.

சேர்ந்து வாங்குதல்

ஒரே ஊரில் ஒரே வகைப் பம்பி பத்து இருக்குமாயின், பத்துப் பேரும் தனித்தனியே கொழும்புக்குச் செல்வது பொருளற்றது. கமக்காரர் அமைப்போ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ அப்பம்பிகளின் பெயாரிங், சீல், பெல்ற், பிளக் ஆகியவற்றின் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, சிறுபோக அறுவடைக்கும் காலபோக மழைக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒருவரை அனுப்பிப் பெட்டியாக வாங்குவித்தல் வேண்டும். பெட்டியாக வாங்கும்போது சில்லறை விலையிலிருந்து கழிவு கேட்கலாம். பஸ் கட்டணமும் பத்தாகப் பிரியும்.

றப்பர்ப் பொருள்களை மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தேவைக்கு வாங்கி வைத்தல் கூடாது. வெயிலும் எண்ணெயும் படாது பொலித்தீன் உறையில் இட்டு நிழலில் வைத்தல் வேண்டும். பெயாரிங்கை அதன் எண்ணெய்த் தாளிலிருந்து பூட்டும் வேளையிலேயே எடுத்தல் வேண்டும். பூட்டும்போது தண்டில் இறுகும் பெயாரிங்கை உள்வளையத்தில் மட்டும், குழியில் இறுகும் பெயாரிங்கை வெளிவளையத்தில் மட்டும், பொருத்தமான குழாய்த் துண்டு வைத்துத் தட்டி இறக்குதல் வேண்டும். மாற்றிய உறுப்பின் இலக்கத்தையும் மாற்றிய நாளையும் பம்பி வீட்டுச் சுவரில் மையால் எழுதிவைத்தால், அடுத்த முறை இயந்திரத்தைக் கழற்றாமலே வாங்கவேண்டியதைத் தொலைபேசியிற் சொல்லி, வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ்ஸிற் பொதியாக வரவழைத்துக்கொள்ளலாம்.